காளவாயில் வேகாத கணவாய்

சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்க்கிறவன் தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் பொங்கலுக்குப் போட முடியாது. அதற்குள் சுண்ணாம்பு அதைத் தின்று முடித்திருக்கும். கை வெந்து, கண் எரிந்து, இருமிக்கொண்டே சம்பளம் வாங்குகிற தொழில். அரிசி மண்டியோ விறகுத்தொட்டியோ மீன் ஏலமோ, எங்காவது நின்று தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பிழைத்திருக்கிற அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், என் அவஸ்தை அவர்களுக்கு உடனே புரியும்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் காதர் பாய் நடத்திய காளவாயில் நான் ரைட்டர். அங்கே இரண்டு காளவாய்கள். பெரியதில் அரியலூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் சுண்ணாம்புக் கல்லைச் சுடுவார்கள். அது கட்டட வேலைக்கு. சின்னதில் எண்ணூர்க் கழியிலிருந்து வரும் கிளிஞ்சலைச் சுடுவார்கள். அது வெற்றிலைக்கும் பூச்சு வேலைக்கும். கல் வேக இரண்டு நாள் பெருந்தீ வேண்டும். கிளிஞ்சல் சின்னத் தீயிலேயே வெந்துவிடும். ஆகவே கல் தனி, கிளிஞ்சல் தனி என்பதுதான் எங்கள் முற்றத்தில் முதல் சட்டம். வந்து இறங்கும்போதே கல்லும் ஓடும் ஒன்றோடொன்று கலந்துவிடும்; பொறுக்கிப் பிரிக்கும் பெண்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அதைச் செய்வார்கள். அவர்கள் பிரித்ததைப் பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதற்காக என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஆசிட் பாட்டில் இருக்கும். கல்லின் மேல் இரண்டு சொட்டு விட்டால், நல்ல சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நுரைத்துப் பொங்கும். வெறும் மணற்கல்லாக இருந்தால் சும்மா கிடக்கும். அந்த இரண்டு சொட்டுக்காக முற்றத்தில் எனக்கு டாக்டருக்குக் கிடைக்கும் மரியாதை கிடைத்தது. உள்ளபடி சொன்னால், அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

வெற்றிலைக் கடைக்காரர் கொண்டுவந்த சட்டி

கல்மண்டபத்தில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்த தேவராஜ் எங்களிடம் பல வருஷமாகச் சுண்ணாம்பு வாங்குகிறவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுண்ணாம்புச் சட்டியும் கையுமாக வந்து, அதை என் மேஜை மேல் வைத்தார். விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். வெண்ணெய் பதத்தில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு நறநற என்றது. அடியில் ஒரு வேகாத கட்டி. கழுவிப் பார்த்தால், சுருண்ட ஒரு சின்னக் கல். அதன் ஓரம் உதிர்ந்துதான் சுண்ணாம்பில் கலந்திருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் அவசரமாக வெற்றிலை போட்டு மென்றதில் முன்பல்லில் பாதி போய்விட்டதாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வேறு சட்டி நிரப்பித் தருகிறேன் என்றேன். அவர் அதற்கெல்லாம் மசியவில்லை.

"பல்லு பூட்டவன் டெய்லி எங்கடைக்கு வந்து வாயைத் தொறந்து காட்டிக்கினு நிக்கிறான் ரைட்டரே. அத்தப் பாத்துட்டு எவன் வெத்தலை போடுவான்?"

இரண்டும் பொங்கின

மேஸ்திரி முனுசாமி கிளிஞ்சல் குவியலைக் கிளறினார். அதே மாதிரி சுருண்ட கல் இன்னும் இரண்டு கிடைத்தன. காளவாயில் எது கெட்டாலும் திட்டு அவருக்குத்தான் விழும். ஆகவே அவர் குதித்ததில் நியாயம் இருந்தது. பொறுக்குகிற பெண்களைக் கூப்பிட்டு, இதைக் கிளிஞ்சலில் போட்டது யார் என்று கேட்டார். அஞ்சலை என்ற பெண் தயங்காமல் நான்தான் என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். கரையில் கட்டுமரம் ஏற்றும்போது மரம் இடித்து அவளுடைய வலது முட்டி வீங்கிப் போயிருந்தது. மீன் கூடை தூக்க முடியாமல்தான் உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்கு வந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு வீசினாயா என்று முனுசாமி கத்தினார். இல்லை, பார்த்துத்தான் போட்டேன், இது கல் இல்லை, ஓடு, ஓட்டை ஓட்டோடு போட்டேன் என்றாள் அவள். கல்லைப் போய் ஓடு என்கிறாளே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். முனுசாமி என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்றார். முற்றம் முழுக்க என்னைச் சுற்றி நின்றது.

நான் பாட்டிலை எடுத்தேன். சுருண்ட கல் மேல் இரண்டு சொட்டு விட்டேன், பொங்கியது. பக்கத்தில் கிடந்த கிளிஞ்சல் மேல் இரண்டு சொட்டு விட்டேன், அதுவும் அதே மாதிரி பொங்கியது. பொங்காமல் என்ன செய்யும்? இரண்டும் சுண்ணாம்புதானே. இந்தச் சோதனையை வைத்துக் கல்லா ஓடா என்று சொல்லவே முடியாது என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கல்தான்" என்று சொல்லிவிட்டேன். முனுசாமி அந்த இடத்திலேயே அஞ்சலையைக் கொட்டகையிலிருந்து எடுத்து, காளவாயின் தலை வரைக்கும் ஏறும் சரிவில் கல்கூடை சுமக்கப் போட்டார். சுமக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். எங்கள் பக்கத்தில் 'நீ' என்று பேசுவது மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த 'நீ' சுரீரென்று பட்டது.

"நீ ஆசிட்டு ஊத்துனே ரைட்டரே, நான் கண்ணால பாத்தேன். நம்ப ரெண்டு பேர்ல அத்தப் பாத்தது யாரு?"

சரிவில் நின்ற கூடை

இரண்டு நாள் அவள் கூடை சுமந்தாள். ஒரு அடி வைத்து, நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடி. நான் மேஜையை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று கணக்கப்பிள்ளை வரதாச்சாரியிடம் காரணம் சொன்னேன். அவர் சூரியன் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினார்.

வியாழக்கிழமை மத்தியானம் சரிவில் பெரிய சத்தம். மேலே ஏறின அஞ்சலை கூடையைக் காளவாயில் கவிழ்க்காமல் இறக்கி வைத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பதினைந்து கூடைக்காரிகள் தலைச்சுமையோடு நடுச்சரிவில் நிற்கிறார்கள். கீழேயிருந்து முனுசாமி கத்துகிறார். அவள் கூடைக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து, மடியில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கி வந்தாள்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது அது. நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வந்து, ஓரத்தில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. சுற்றுகளின் மேல் வரிசையாக மேடு மேடாக வரிகள். கல்லை ஒருவர் உட்கார்ந்து செதுக்கினால்கூட அவ்வளவு ஒழுங்காக வராது. முனுசாமிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இத்தச் சுட்டுட்டு நாளைக்கு வருத்தப்பட்டா, இன்னொண்ணு யாராலும் பண்ண முடியாது மேஸ்திரி."

கணக்கப்பிள்ளையின் பாவம்

ஒருவன் இது சுருண்டு படுத்த பாம்பு, சாபத்தால் கல்லாகிவிட்டது என்றான். டீக்கடையிலிருந்து பால் வந்தது. கல்லின் மேல் ஊற்றினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வரதாச்சாரி ஒரு பார்வை பார்த்தார். உடனே செருப்பைக் கழற்றினார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூஜையில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. கறுப்பாக, கையடக்கமாக இருக்கும், அதற்குள்ளும் இதே சக்கரம்தான் என்றார். இது வெளுப்பாக இருந்தாலும் அதே ஜாதிதான் என்பது அவர் கட்சி. துளசி கிடைக்குமா என்று விசாரித்தார்.

எனக்கோ கை அரித்தது. பழக்கம் அப்படி. எந்தக் கல்லைப் பார்த்தாலும் இரண்டு சொட்டு விடாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவர் துளசி தேடிப் போன சமயத்தில் பாட்டிலைத் திறந்து, இரண்டு சொட்டு போதாதென்று அரை பாட்டில் ஊற்றிவிட்டேன். புஸ்ஸென்று நுரை எழும்பியது. திரும்பி வந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். நுரை அடங்கியதும் பார்த்தால், அந்தப் பக்கத்தில் இருந்த நுண்ணிய கோடுகள் பாதி கரைந்து மொழுக்கென்று ஆகியிருந்தன. அப்போதுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"எங்காத்துச் சாளக்கிராமத்து மேலயும் ரெண்டு சொட்டு விட்டா பொங்குமான்னு ஒரு நிமிஷம் மனசு நெனச்சுடுத்து ஓய். இந்தப் பாவத்தை நீர்தான் எனக்குச் சம்பாதிச்சுக் குடுத்தீர்."

பாய் வைத்த கெடு

சாயங்காலம் காதர் பாய் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தார். பாலும் குங்குமமுமாகக் கல்லைப் பார்த்தார், வேலை நின்றுபோன காளவாயைப் பார்த்தார். கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் முடிச்சுப் போட்டு முடிக்கிறவர். முதலில் முனுசாமி சொன்னதைக் கேட்டார். பிறகு அஞ்சலையைக் கேட்டார். அவள் சொன்னது ஒரே வரிதான்: ஓட்டைக் கிளிஞ்சலில் போடச் சொன்னீர்கள், போட்டேன்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். இது ஓடு என்றால் அவள் சட்டப்படிதான் செய்திருக்கிறாள், தப்பு நம் சட்டத்தில். அவள் இடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது கல் என்றால் அவள் தூங்கிக்கொண்டு பொறுக்கியிருக்கிறாள். தூங்குகிறவளுக்கு இங்கே வேலை இல்லை. சரிவிலும் இல்லை. அடுத்த வார வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள் இது என்ன என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொண்டு வர வேண்டியது ரைட்டர் என்று முடித்தார்.

அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் வலை கிழிந்து, கடலுக்குப் போகாமல் இருந்த வாரம் அது என்று மற்றப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் வேலை என் வாயில் தொங்குகிறது என்பதை முற்றத்தில் எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பாய் கிளம்பும்போது எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"சாமின்னா கும்புடுங்க, கல்லுன்னா சுடுங்க, ஓடுன்னா சலிச்சு எடுங்க. இன்னான்னு தெரியாம பாலை ஊத்திக்கினு குந்தியிருந்தா காளவா எப்டிப்பா எரியும்?"

கோணி ஊசி

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கல்லை எடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. நீ ஏன் ஓடு என்கிறாய் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் பதில் சொல்லாமல், முதலில் பாட்டிலை வெளியே வை என்றாள். நான் வைத்துவிட்டு வந்தேன். சாக்குத் தைக்கும் கோணி ஊசியும் தேங்காய் நாரும் கேட்டாள். என் ஆசிட் படாத பக்கத்தைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு வரியிலும் அடைந்திருந்த மண்ணை ஊசி முனையால் நெம்பி, நாரால் துடைத்தாள். மீன் வயிற்றைக் கிழித்துப் பழகிய கை. தேவையான இடத்துக்கு மேல் ஒரு நூல் அளவும் போகவில்லை.

உடைந்த வாயைக் காட்டினாள். நத்தைக்கும் சங்குக்கும் உள்ளே ஒரே அறைதான், ஆள் கடைசிச் சுற்று வரைக்கும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். சுற்றும் ஒரு பக்கமாகக் கூம்பிக்கொண்டே போகும். இது இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கிறது. உள்ளே சுவர் வைத்து அடைத்திருக்கிறது. ஒரு சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர். அறை அறையாக. இதெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்தது. நாலு வருஷமாகக் கல்லை நுரைக்க வைத்துத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, திருப்பிப் பார்த்ததே இல்லை. அப்படி அடுக்கடுக்காகச் சுவர் வைக்கிற பிராணி வேறு எது என்று கேட்டேன்.

கணவாய் என்றாள், வாயைச் சுற்றிக் கை முளைத்த அந்தக் கடல் பிராணி. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று வெள்ளையாக விற்கிறார்களே, அது கணவாயின் முதுகு ஓடு. அதை அறுத்தால் உள்ளே மெல்லிசாகத் தட்டு தட்டாக இருக்கும். கணவாய் கழுவுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டிச் சக்கரம் மாதிரி ஓடு போட்ட கணவாயா என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"சட்டை போடாத கணவாவைத்தான் நீ பாத்துக்கீறே. இது சட்டை போட்ட காலத்துல இருந்ததோ இன்னாவோ."

டிராமில் ஒரு பயணி

எங்கள் பக்கத்தில் எழும்பூர்க் காட்சிசாலைக்குச் செத்த காலேஜ் என்று பெயர். செத்ததையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்திருப்பதால். கல் பார்க்கிறவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று வரதாச்சாரி விசாரித்துச் சொன்னார். திங்கட்கிழமை கிளம்பினோம். கல்லை நான் மட்டும் எடுத்துப் போகிறேன் என்றதற்கு அஞ்சலை ஒப்பவில்லை. என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, பாட்டில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கல்லைத் தன் மீன் கூடைக்குள் வைத்து, மேலே ஈரத் துணி போட்டாள். அது வழக்கம், கூடைக்கு மேல் ஈரத் துணி இல்லாவிட்டால் அவளுக்குக் கூடை மாதிரியே தோன்றாது.

டிராமில் கண்டக்டர் மீன் கூடை ஏற்றக் கூடாது என்றார். மீன் இல்லை என்றேன். துணியை விலக்கிப் பார்த்தார். வேறு பயணிகளும் எட்டிப் பார்த்தார்கள். என்ன இது என்றார் கண்டக்டர். எனக்குத் தெரியாது, அதைக் கேட்கத்தான் போகிறோம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், 'தெரியாது' என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று. அஞ்சலையும் கவனித்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கணவாய் என்று அவளே பதில் சொன்னாள். கண்டக்டர் கல்லை விரலால் தட்டினார், மோந்து பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்தார்.

"கணவாவா? எத்தினி நாளாம்மா ஆச்சு புடிச்சு?"

செத்த காலேஜில்

கல் பார்க்கிறவர் ஒல்லியான மனிதர்; மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி. எங்களை உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டார். துணியை விலக்கியதும் அவர் முகமே மாறிவிட்டது. முதலில் ஆசிட் பட்ட பக்கம்தான் அவர் கண்ணில் பட்டது. இந்தப் பக்கத்தை யார் இப்படிச் சாப்பிட்டது என்றார். நான்தான் என்றேன். மற்றப் பக்கத்தைத் திருப்பினார். கோணி ஊசியால் சுத்தம் செய்த கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

பிறகு எனக்குப் பரீட்சை வைத்தார். உள்சுவர் இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றேன். அந்தச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்னக் குழாய் போகுமே, அது நடுவிலா ஓரத்திலா என்றார். நான் நடுவில் இருக்கலாம் என்றேன், அறியாத விஷயத்தில் நடுவில் நிற்பது நல்லது என்ற எண்ணத்தில். ஓரத்தில் என்றாள் அஞ்சலை. வெளிச்சுற்று ஓரத்தில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு, உடைந்த வாயில் பாருங்கள் என்றாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இருந்தது.

அவர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடம்தான் அந்தக் கோடுகள். கோடு சாதாரணமாக வளைந்து போய், குழாய் நடுவில் இருந்தால் அது நாட்டிலஸ். இன்னும் தூரக் கடல்களில் உயிரோடு இருக்கிறது. கோடு கீரை இலையின் ஓரம் மாதிரி நெளிந்து நெளிந்து போய், குழாய் வெளி ஓரத்தில் இருந்தால் அம்மோனைட். அந்த வம்சமே பூண்டற்றுப் போய்விட்டது. இது அம்மோனைட். அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்த காலத்தில், பல கோடி வருஷத்துக்கு முன்னால், அறைகளில் காற்றை வைத்துக்கொண்டு மிதந்த பிராணி. கடைசி அறையில் உடம்பு, வாயைச் சுற்றிக் கைகள். இன்றைக்கு இருக்கிற உறவுக்காரர்கள் யார் என்று கேட்டேன். அவர் சொல்வதற்கு முன்னால் அஞ்சலையின் முகத்தைப் பார்த்தேன். கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்று அவர் வரிசையாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தலைமுந்தானையை எடுத்துக் கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி எதையோ பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இதைக் கணவாய் இனம் என்று முதலில் சொன்னது யார் என்று அவர் கேட்டார். நான் அவளைக் காட்டினேன்.

"நான் இதுக்காக நாலு வருஷம் படிச்சுப் பரீட்சை எழுதினேன் சார். இந்த அம்மா கணவாய் கழுவியே பாஸ் பண்ணிட்டாங்க."

கடிதம்

வியாழக்கிழமை கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். பாய் முற்றத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரதாச்சாரி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். உயிரோடு இருந்தபோது இது ஓடு. பிறகு மண்ணில் புதைந்து, ஓடு கரைந்து, அதன் அச்சில் சுண்ணாம்பு இறுகி, இப்போது கல்.

அவ்வளவுதான், முனுசாமி பிடித்துக்கொண்டார். இப்போது கல் என்று எழுதியிருக்கிறதே, ரைட்டர் அன்றைக்கே கல் என்றுதானே சொன்னார் என்றார். பாய் கடிதத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். இரண்டாம் தடவையும் அதுதான் வந்தது. ஓடாக இருந்தது என்றும் இருக்கிறது, கல் என்றும் இருக்கிறது. பாய் என்னைப் பார்த்தார். அஞ்சலை மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் என் மரியாதை கூடியிருக்கும். செத்த காலேஜே என் பக்கம். அன்பர்களே, இந்த மாதிரிச் சமயத்தில் நாம் எல்லோருமே பேசாமல்தான் இருப்போம். இருந்தாலும் எழுந்து சொல்லிவிட்டேன். என் ஆசிட் கல் மேலும் பொங்கும், கிளிஞ்சல் மேலும் பொங்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். நான் பார்த்துச் சொல்லவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னேன். இந்த முற்றத்தில் அந்தக் கல்லை உண்மையிலேயே பார்த்தது அஞ்சலை ஒருத்திதான்.

நாலு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த பாட்டில் எதற்கு உதவும் என்று பாய் கேட்டார். மணற்கல்லைக் கழித்துவிட உதவும், அதற்கு மேல் உதவாது என்றேன். அவர் ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். என் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். கடைசியில் பாய் தீர்ப்புச் சொன்னார். அஞ்சலை கொட்டகைக்குத் திரும்பிப் போக வேண்டும். கல் குவியல், கிளிஞ்சல் குவியல் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குவியல். சுருண்டது, வரி போட்டது, அறை வைத்தது எதுவானாலும் அதில் சேர வேண்டும், காட்சிசாலைக்காரர் வந்து எடுத்துப் போவார். அது எதில் சேரும் என்பது அஞ்சலை வாக்கு. அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சீட்டில் என் கையெழுத்து செல்லும்.

முனுசாமியே போய் அவளுடைய முறத்தை எடுத்து, தூசி தட்டி, கொட்டகையில் பழைய இடத்தில் வைத்தார். அஞ்சலை நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்து காலை நீட்டினாள். நான் அவள் எதிரில் போய் நின்றேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"இன்னிக்கு சொன்னத்த அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா எம்முட்டி தப்பிச்சிருக்கும். பரவால்ல வுடு ரைட்டரே, அந்தக் கணவா வாயத் தொறக்க எத்தினியோ கோடி வருசமாச்சு, நீ பத்து நாள்ல தொறந்துட்டே."

எது வேகும், எது வேகாது என்று பார்த்துச் சொல்லத்தான் அந்தக் காளவாயில் எனக்குச் சம்பளம். அந்த வியாழக்கிழமை வெந்தது நான்தான் என்றாலும், பக்குவமாகத்தான் வெந்தேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.